நான் பேசிப் பார்க்காத மைக்

மகளே,

நேற்று கோயிலில் உன் கல்யாணத்துக்கான மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று. பிரசங்கத்துக்கு முன்னால் போதகர் உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி, இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் யாரும் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்றார். மூன்று ஞாயிறும் இதே வார்த்தைகள்தான். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். வேறு சத்தமில்லை. எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. தடை சொல்ல அல்ல. மாப்பிள்ளை நல்லவர், அவர் வீட்டாரும் நல்லவர்கள். "இன்னாருடைய குமாரத்தி, மதுரையில் நர்ஸ் வேலை" என்று உன்னைப் பற்றி வாசித்தார்களே, அதில் ஒன்று குறைகிறது, குறைத்தவன் நான்தான் என்று சொல்லத் தோன்றியது. எழுந்திருக்கவில்லை. முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்து எல்லோரும் கைகொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஐந்து வருடத்துக்கு முன்பு, உன் குரல் கெட்டுவிட்டது என்று நான் சொன்னேன். அது கெடவில்லை. இந்தக் கடிதத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான். மீதி எல்லாம் அது எப்படி நடந்தது என்பது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நீ அன்று மைக்குக்கு முன்னால் நின்றாய். நான் பின்னால் இருந்தேன். பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது.

எஸ்டேட் அசிஸ்டென்ட் மேனேஜர் வேலையை விட்டுப் போனபோது பங்களா சாமான்களை விற்றார். நாற்காலி, கண்ணாடி, நாய்ச் சங்கிலி. அவற்றோடு ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டர். சூட்கேஸ் அளவு. உள்ளே வால்வுகள். சூடேறிய பிறகுதான் பேசும். மைக் மட்டும் தொலைந்துபோயிருந்தது. அதனால்தான் எனக்கு வாங்கக் கட்டுப்படியாகும் விலைக்கு வந்தது. இரண்டு பேர் அதைத் தூக்கிவந்து நம் வீட்டில் வைத்தபோது உன் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிக்கூட வைக்காமல் நின்று பார்த்தாள். "வாத்தியாரு வீட்டுல ரெண்டாவது புள்ள பொறந்திருக்கு. தலச்சன விட இது கனம்" என்றாள். நீ சிரித்தாய். பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார், வீட்டில் நான் ஒரு கேலிக்காரியின் புருஷன். அந்த நாட்களில் அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போது நீ எஸ்.எஸ்.எல்.சி. கீழே சமவெளியில் இசை ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபடும் என்பதால், மலையிலிருக்கும் பிள்ளைகள் நேரில் வராமல் பாட்டைப் பதிவு செய்து அனுப்பலாம் என்று எழுதியிருந்தார்கள். எந்தெந்தப் பாட்டு என்பது பரீட்சை முடிவுக்குப் பிறகு வரும் விண்ணப்பத்தில் இருக்கும். அதாவது ஜூலையில். எனக்கு பிப்ரவரியிலேயே கை துறுதுறுத்தது. இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஜூலையில் பஸ் ஓடாவிட்டால் ஜீப் பிடித்தாவது உன்னை நேரில் அழைத்துப் போயிருக்கலாம். ஒரு நாள் லீவு. அவ்வளவுதான். வீட்டில் மெஷின் இருந்தது. அதனால் போகவில்லை.

மைக் தேடினேன். மூன்று கிடைத்தன. முதலாவது ரேடியோ மெக்கானிக் செய்து கொடுத்தது. பழைய ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரையே திருப்பிப் போட்டு ஒரு தகர டப்பாவில் அடைத்திருந்தான். பேச வேண்டியதைக் கேட்க வைத்தான். அதில் உன் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல வந்தது. இரண்டாவது கோயிலில் இரவல் வாங்கியது. கனமானது, பேர்போனது. ஆனால் அது பெரிய ஆம்ப்ளிஃபயருக்காகச் செய்தது. நம் ரிக்கார்டரில் செருகினால் குரல் எங்கோ தேயிலைக் காட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டது. சத்தத்தைக் கூட்டினால் குரலோடு மின்சாரத்தின் உறுமலும் கூடியது. மூன்றாவது, போடியில் மைக் செட் வாடகைக்கு விடுபவரிடம் வாங்கிய பழைய கிரிஸ்டல் மைக். வட்டமாக, பிஸ்கட் டப்பா மூடி அளவு. மூன்றிலும் அதுதான் மலிவு. மூன்றிலும் அதுதான் துல்லியம்.

அந்தப் பரிசோதனைகளை நான் எவ்வளவு கவனமாகச் செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். ஞாயிறு மதியம்தான், ஏனென்றால் ஃபாக்டரி ஓடாது, மின்சாரம் ஏறி இறங்காது. சுவரெல்லாம் கம்பளியும் சாக்கும் தொங்கவிட்டேன். மைக்கிலிருந்து உன் மோவாய்க்கு ஒரு நூல் பிடித்து, தூரம் மாறாமல் பார்த்தேன். பாட்டும் மாறக் கூடாது. எல்லா எழுத்தும் வர வேண்டும். அதற்கு என் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கொடுத்து, பெயர்களை ராகம் போட்டுப் பாடச் சொன்னேன்.

"எதப்பா? அட்டென்டன்ஸையா?"

"ஆமா. ழ, ற, ஞ எல்லாம் வருது பாரு."

அம்மா வாசலில் நின்று சொன்னாள்: "பாடு புள்ள. வராதவனுக்கு மட்டும் சோக ராகத்துல பாடு."

நீ அப்படியே பாடினாய். வந்த பிள்ளைகளை மேலே ஏற்றி, வராத பிள்ளைகளைக் கீழே இறக்கி. மெஷினில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சை விளக்கு ஒன்று உண்டு. சத்தம் கூடினால் இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும். கிரிஸ்டல் மைக்கில் நீ முதல் பெயரைச் சொன்னதுமே ஒட்டிக்கொண்டது. திருப்பிப் போட்டுக் கேட்டோம். மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கோயிலில் வாரந்தோறும் கேட்ட குரல்தான். ஆனாலும் அன்றுதான் முதல் தடவை கேட்டது போலிருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். இரண்டு மைக்குகளையும் திருப்பிக் கொடுத்தேன். கிரிஸ்டலைத் துணியில் சுற்றி, மெஷினுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் வைத்தேன்.

நீங்கள் இருவரும் கேட்டீர்கள்: நான் ஏன் ஒரு தடவையும் பேசிப் பார்க்கவில்லை என்று. "என் குரலுக்கு என்ன பரீட்சை" என்றேன். காரணம் அது அல்ல. கல்லூரியில் ஒருமுறை என் குரலைப் பதிவு செய்து கேட்டிருக்கிறேன். கூச்சமாகிவிட்டது. எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன் எவ்வளவு படித்தும் குரல் லைனிலேயே நின்றிருந்தது. அதற்குப் பிறகு எந்த மைக்குக்கு முன்னாலும் நான் நின்றதில்லை. மற்றவர்களை நிற்க வைத்துப் பழகினேன்.

ஜூலை. விண்ணப்பம் வந்தது, நான்கு பாட்டு. மழை உனக்குத் தெரியும். நம் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்காது. அதனால் ஞாயிறு மதியம் மழை நிற்கும் இடைவெளிக்காகக் காத்திருந்தோம். நிற்கும். நின்றதும் மஞ்சு ஈரமான பனிப்புகையாக ஜன்னல் வழியாக உள்ளே வந்து, நீ நிற்கும் இடத்தில் உன்னை மங்கலாக்கும். மழைக்குச் சத்தம் இருந்தது, அதற்காக நான் காத்திருந்தேன். மஞ்சுக்குச் சத்தம் இல்லை. அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

முதல் ஞாயிறு பச்சை வெளிச்சம் ஒட்டவில்லை. நடுவில் ஒரு இருட்டுக் கோடு. திருப்பிக் கேட்டால் குரல் கொஞ்சம் மங்கல். சளி என்றேன். மிளகுக் கஷாயம். இரண்டாவது ஞாயிறு கோடு அகலமாயிற்று. மேல் ஸ்தாயியில் ஓரம் கரகரத்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கம்பவுண்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டையில ஒண்ணும் இல்லயே சார்" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். மூன்றாவது ஞாயிறு நீ பாட்டைப் பார்க்கவில்லை, அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துப் பாடினாய். அதை ஒட்ட வைக்கப் பாடினாய். கத்தினாய். கழுத்து நரம்பு தெரிந்தது. கோடு அப்படியே இருந்தது. அன்று சாயந்திரம் உண்மையிலேயே உன் தொண்டை கட்டிக்கொண்டது. அது எனக்கு இன்னொரு ஆதாரமாயிற்று.

நான் எப்படி யோசித்தேன் என்பதைச் சொல்கிறேன். அதே மெஷின். அதே மைக். அதே அறை, அதே நேரம், அதே நூல். பிப்ரவரியில் பாடிய பெயர்களையே மறுபடி பாடச் சொல்லி இரண்டு டேப்பையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். எல்லாம் ஒன்றாக இருக்க, மாறியது நீ மட்டும். வேறு முடிவுக்கு இடமில்லை என்று பட்டது. மெஷின் இல்லாமல் நேரில் கேட்கும்போது உன் குரல் எனக்கு முன்போலவேதான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும். முன்போலவேதான் இருந்தது. ஆனால் பெற்றவன் காது அப்படித்தான் கேட்கும், அன்பு காதை ஏமாற்றும், மெஷினுக்கு மகள் கிடையாது என்று நினைத்தேன். என் காதை நம்பாமல் இருப்பதுதான் நேர்மை என்று நினைத்தேன். இரண்டு இரவு தூங்காமல் கஷ்டப்பட்டு அந்த நேர்மைக்கு வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்து சொன்னேன். நீ அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய்.

"குரல் எறங்கிப் போச்சும்மா. சிலருக்கு இந்த வயசுல இப்பிடி ஆகும். ஒந்தப்பு இல்ல."

நீ புடைப்பதை நிறுத்தவில்லை. அம்மாதான் வந்தாள்.

"எனக்கு அப்பிடியேதான கேக்குது?"

"ஒனக்கு மக. அப்பிடித்தான் கேக்கும்."

"அப்ப ஒங்களுக்கு அவ யாரு?"

நான் மெஷினைக் காட்டினேன்.

"காதுல கேக்குறத விட்டுட்டு டப்பாவக் கேக்குறீகளே. அந்த மைக்குல ஒரு வாட்டி நீங்க பேசிப் பாருங்களேன். ஒங்க கொரலும் எறங்கியிருக்கான்னு தெரியுமில்ல?"

"பிப்ரவரியில நான் பேசலையே. எதோட ஒப்பிட?"

அது சரியான பதில் என்று அன்று பட்டது. கொழுந்து பறிக்கிற, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த உன் அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. பி.ஏ. படித்த நான் சொன்னது, என்னை அந்த நூலுக்கு அந்தப் பக்கம் நிறுத்திக்கொள்ளாததற்கு ஒரு சாக்கு. அவள் பிறகு உன் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

டேப்பை அனுப்பவில்லை. குரல் சரியில்லாததால் விண்ணப்பிக்கவில்லை என்று அந்தப் பள்ளிக்கு நானே எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். போதகரிடம் சொன்னேன், பாடகர் குழுத் தலைவரிடம் சொன்னேன், பாவம், அவளைப் பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்றேன். உன்னைக் காப்பாற்றுவதாக எண்ணம். லைன் முழுக்க நம்பியது. வாத்தியார் மெஷின் வைத்துப் பார்த்துச் சொன்னது. சொந்த மகளைப் பற்றி யாராவது பொய் சொல்வார்களா? அடுத்த வாரம் கோயிலில் நீ பெண்கள் பக்கத்தில் ஆறாவது வரிசையில் உட்கார்ந்தாய். பாட்டு நேரத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாய். உதடு அசைந்தது. சத்தமில்லை. பிறகு நர்ஸ் பயிற்சிக்கு மதுரைக்குப் போனாய். "போறேன்பா" என்றாய். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், சண்டையில் உண்மை வெளியே வந்திருக்குமோ என்னவோ. நீ என்னை நம்பினாய்.

இரண்டு வருடம் கழித்து அம்மா போனாள். காய்ச்சல் என்றிருந்தோம். ஜீப்பில் கீழே இறக்கும்போதே கை குளிர்ந்துவிட்டது. நீ மறுநாள் வந்தாய். கோயிலிலிருந்து கல்லறை மேட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது பாடிக்கொண்டே ஏற வேண்டும், அது இங்கே வழக்கம். முன்பெல்லாம் யார் வீட்டுச் சாவானாலும் முதல் அடியை எடுத்துக் கொடுப்பது நீதான். அன்று பெண்கள் எல்லோரும் பழக்கத்தில் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ வாயைத் திறந்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அனுமதி கேட்பது போல. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ வாயை மூடிக்கொண்டாய். யாரோ ஒருத்தி தாழ்ந்த சுருதியில் எடுத்தாள். பாதி ஏற்றத்தில் பாட்டு சிதைந்து நின்றது. மீதி வழி காலடிச் சத்தம் மட்டும். உன் அம்மா பாட்டில்லாமல் குழிக்குப் போனாள். அப்போது எனக்கு உண்மை தெரியாது. அது ஒரு சமாதானமா என்று பலமுறை கேட்டுக்கொண்டேன். இல்லை.

அதற்கு அடுத்த வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்காக மைக்கை எடுத்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. போடிக்கு எடுத்துப் போனேன். எனக்கு விற்ற அதே ஆள். பஜாரில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி மூடியைத் திருகினார்.

"எத்தன வருசமா வெச்சிருக்கீக சார்?"

"மூணு வருசம்."

"எங்கன?"

"மேல. எஸ்டேட்ல."

அவர் மைக்கை என் பக்கம் நீட்டினார். உள்ளே ஒரு வில்லை. ஓரமெல்லாம் வேர்த்து, கசிந்து, நக்கிப் போட்ட மிட்டாய் போலிருந்தது.

"உப்புச் சட்டிய மழையில தெறந்து வெப்பீகளா சார்? இது ஒரு மாதிரி உப்பு. சத்தம் பட்டா கரண்டு குடுக்கும், ஈரம் பட்டா கரஞ்சிரும். இங்கன கீழ பத்து வருசம் ஓடும். ஒங்க ஊரு மஞ்சுல ஒரு மாசம் தாங்காது."

"கரையும்போது எப்படிக் கேக்கும்?"

"மொதல்ல சத்தம் கொறையும். அப்புறம் கரகரக்கும். தொண்ட கட்டுனவன் பாடுறாப்புல இருக்கும்." மூடியைத் திருகிக்கொண்டே சிரித்தார். "எவன் சார் இத ஒங்க தலையில கட்டுனது?"

"நீங்கதான்."

"நானா!" மைக்கைத் திருப்பிப் பார்த்தார். "வித்திருப்பேன். எந்த ஊருக்குன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லல."

வேறு மைக் காட்டினார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பஸ் போடிமெட்டு ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்த மூன்று ஞாயிறுகள் திரும்ப வந்தன. நீ பச்சை விளக்கைப் பார்த்துக் கத்தியது. மெட்டில் டீக்கு நிறுத்தினார்கள். தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அன்றே எழுதிவிடுவது என்று ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி உன் ஹாஸ்டல் முகவரியும் எழுதினேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. அது இரண்டு வருடத்துக்கு முன்பு.

ஆம், இரண்டு வருடமாகத் தெரியும். முதல் தவறு தெரியாமல் செய்தது. அதை நீ மன்னித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், உன் சுபாவம் அப்படி. இரண்டாவதை, உன்னிடம் சொல்லாமல் இருந்ததை, நான் தெரிந்து செய்தேன். நீ இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், இப்போது சொல்லிக் குழப்பக் கூடாது என்று ஒரு காரணம். வேலை கிடைத்த புதிது என்று ஒரு காரணம். இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று ஒரு காரணம். எல்லாம் உன் நன்மையைப் போலவே தோற்றமளிக்கும். உண்மையில் நான் பயந்தது கல்லறை மேட்டில் நீ பார்த்த அந்தப் பார்வைக்கு. அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

பிறகு பாலக்காட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்க்க வந்தார்கள். நீ ஒரு நாள் லீவில் வந்திருந்தாய். டீ கொடுத்துவிட்டு நின்றாய். மாப்பிள்ளையின் அம்மா ஆசையாகக் கேட்டார்:

"ஏனுங்க, புள்ள கோயல்ல நல்லாப் பாடுமுன்னு சொன்னாங்களே. ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்களே, கேப்போம்."

உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். நீ வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்:

"முன்னால பாடுவா. இப்ப இல்ல. தொண்டை சரியில்ல."

"அய்யோ, மருந்து பாத்தீங்களா?"

மாப்பிள்ளையின் மாமா நிலைமையைச் சமாளித்தார். "அட, நல்லதாப் போச்சுங்க. எங்கூட்டுல பேச்சே ஓயாது. பாட்டும் சேந்தா கூர தாங்குமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். காலி டம்ளர்களை அடுக்கினாய். ஒன்று கை நழுவி உருண்டது, எடுத்தாய். நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். இல்லை, பாடுவாள், தப்பு என்னுடையது என்று ஒரே ஒரு வரி. ஐந்து வருடத்துக்கு முன்பு அறியாமல் சொன்னதை அன்று அறிந்தே இரண்டாம் முறை சொன்னேன்.  வாய் பழகிப்போயிருந்தது.

கல்யாணம் ஆகப் போகிற மகளுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை குறைவு. ஒன்று மட்டும் சொல்கிறேன். புகுந்த வீட்டில் உன்னைத் திட்டுகிறவர்கள் இருந்தால் எனக்குப் பயமில்லை, வார்டில் நீ பார்க்காத திட்டா. நிதானமாக, அன்பாக, கையில் ஆதாரத்தோடு, உன்னைப் பற்றி ஒரு முடிவைச் சொல்கிறவர் வந்தால் அப்போது நின்று யோசி. அவர் அதே இடத்தில் தானும் ஒருமுறை நின்று பார்த்தாரா என்று கேள். உன் அம்மா கேட்டது போல முகத்துக்கு நேரே கேள். அது மாப்பிள்ளையானாலும் சரி, நானானாலும் சரி. நாளைக்கு உன் பிள்ளையைப் பற்றி நீயே ஒரு முடிவுக்கு வரும்போது உன்னையே கேள்.

இந்த வாரம் இரண்டு காரியம் செய்தேன். நேற்று மாலை பாடகர் குழுத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டு முடித்தார். பிறகு, "அஞ்சு வருசம், வாத்தியாரே" என்றார்.  உட்காரச் சொல்லவில்லை. இன்று காலை மாப்பிள்ளைக்கு ஒரு கார்டு எழுதினேன். அன்று உங்கள் அம்மாவிடம் நான் சொன்னது உண்மையல்ல என்று. பாடுவாள் என்று எழுதவில்லை. பாட மாட்டாள் என்றும் எழுதவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவளிடமே கேளுங்கள் என்று எழுதினேன். கல்யாணத்தன்று யாராவது கேட்டால் நீயே சொல். மாட்டேன் என்றாலும் சரி. நான் பக்கத்தில் நின்றாலும் என் முகத்தைப் பார்க்காதே.

பிப்ரவரி டேப்பை அனுப்பட்டுமா என்று யோசித்தேன். வேண்டாம். நான் உனக்கு மறுபடியும் ஒரு மெஷினைக் காட்டி, இதோ பார் என்று சொல்லக் கூடாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். ஐந்து வருடம் பாடாமல் வைத்த குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விசாரித்தேன். சிலருக்கு ஒரு வாரத்தில் திரும்பும் என்கிறார்கள், சிலருக்குத் திரும்பாது என்கிறார்கள். நான் அன்று சொன்ன பொய் இதற்குள் உண்மையாகியிருக்கலாம். மஞ்சு செய்யாததை நான் செய்து முடித்திருக்கலாம். நீ ஒருநாள் தனியாக, யாரும் இல்லாத இடத்தில் வாயைத் திறந்து பார்ப்பாய். அப்படித்தான் ஆகியிருந்தால், என் மனம் நோகும் என்று என்னிடம் மறைக்காதே. எனக்கு எழுது. நான் மறைத்தது போதும்.

அப்பா